காலாண்டுக் கணக்கும் நெடுங்காலப் பங்குடைமையும்

பொருளை ஈட்டுவது அரிது. ஈட்டியதைக் கள்வரும் கடனும் கொண்டு போகாமல் காப்பது அதனினும் அரிது. காத்ததைத் தக்க இடத்தில் விதைத்து, மழைக்கும் வெயிலுக்கும் மனங்கலங்காமல் காத்திருந்து பயன் கொள்வது யாவற்றினும் அரிது. நிலத்திலும் பொன்னிலும் சீட்டிலும் இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆயின் இக்காலத்தில் செல்வம் வேறோர் உருவம் கொண்டிருக்கிறது. கண்ணுக்குப் புலனாகாத மென்பொருளைச் செய்து விற்கும் கம்பெனிகளின் பங்குகளே அவ்வுருவம். இவற்றின் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்துகொள்ளுதல் அவசியமென்று கருதி இக்கட்டுரையை வரையத் துணிந்தோம்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய இவ்வட்டாரத்தில் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஒரு தலைமுறையார் கடைசல் இயந்திரத்தருகே நின்று உழைத்தவர். அடுத்த தலைமுறையார் கணிப்பொறியின் முன் அமர்ந்து உழைப்பவர். தந்தையார் வைப்பு நிதியிலும் மனைக்கட்டிலும் நம்பிக்கை வைத்தவர்; மைந்தரும் மகளிரும் பங்குகளை வாங்குகின்றனர். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கம்பெனிகள் கணக்கு வெளியிடும் நாளில், காலையில் வாங்கி மாலையில் விற்போரும், ஒரே நாளின் வீழ்ச்சி கண்டு பல்லாண்டுச் சேமிப்பைக் கைவிடுவோரும் நம்மிடையே பெருகிவருகின்றனர். ஒரு வீட்டின் கல்யாணச் செலவும், பிள்ளையின் கல்விச் செலவும், முதியோரின் மருத்துவச் செலவும் இம்முடிவுகளைச் சார்ந்து நிற்பதால், இதனை அற்பமான விஷயமென்று தள்ளுதல் தகாது.

முதற்கண் நம் சென்னை நகரத்தின் பழைய பாடங்களை நினைவு கூர்வோம். 1872ஆம் வருஷத்திலேயே மயிலாப்பூர் இந்து நிரந்தர நிதி தோன்றி, சிறு சேமிப்பைத் திரட்டிக் கடன் கொடுக்கும் வழியைக் காட்டிற்று. 1906ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஆர்பத்நட் கம்பெனி முறிந்தது. வெள்ளைக்காரர் நடத்தும் ஸ்தாபனம் விழாது என்று நம்பித் தம் பொருளை அதனிடம் ஒப்புவித்திருந்த உத்தியோகஸ்தரும் விதவைகளும் பெருந்துயருற்றனர். அத்துயரின் பயனாகவே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் பாங்கி தோன்றிற்று. 1938இல் திருவாங்கூர் நாஷனல் குயிலான் பாங்கி முறிந்தபோது தென்னாடு மறுபடியும் அதே பாடத்தைக் கற்றது. கியாதியை நம்பிக் கணக்கைப் பாராதிருப்பவர் எக்காலத்தும் ஏமாறுவர் என்பதே அப்பாடம்.

பங்கு வியாபாரத்திற்கென்று சென்னையில் முதன்முதல் ஒரு சந்தை 1920இல் ஏற்பட்டு, மூன்று ஆண்டுகளில் மறைந்தது. பின்னர் 1937இல் அது புத்துயிர் பெற்று, கடற்கரையருகே இரண்டாவது லைன் பீச்சில் பல்லாண்டு நடந்தது. பம்பாயிலோ தரகர் சங்கம் 1875இலேயே நிலைபெற்றிருந்தது. 1994இல் தேசியப் பங்குச் சந்தை கணிப்பொறித் திரையின் வழியே வியாபாரத்தைத் தொடங்கியபின், ஊர்தோறும் தரகர் கூவி விலை சொல்லும் வழக்கம் ஓய்ந்தது. சென்னைச் சந்தையும் வியாபாரம் குன்றி, 2015இல் அங்கீகாரத்தினின்றும் விலகிற்று. முன்பு பங்கு வாங்க விரும்புவோர் அம்பத்தூரிலிருந்து ரயிலேறிக் கோட்டைப் பக்கம் செல்லவேண்டியிருந்தது. இன்று கையிலுள்ள தொலைபேசியே சந்தையாயிற்று. வழி எளிதானதும் அவசரமும் எளிதாயிற்று என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

இனி நம் வட்டாரத்தின் தொழிற் சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம். 1949இல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியுடன் கூடி அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையை நிறுவினர். 1955ஆம் வருஷம் ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, யு. என். தேபரின் தலைமையில், சமதர்ம மாதிரியான சமுதாய அமைப்பே தேசத்தின் குறிக்கோள் என்று தீர்மானித்தது. அத்தீர்மானத்தின் பின் பெருந்தொழில்களில் சர்க்காரின் கை ஓங்கிற்று. ஆவடியிலேயே 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றி, ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் சிறு பட்டறைகளும் ஆலைகளும் வளர்ந்தன. சமதர்மத் தீர்மானம் பிறந்த இடத்திற்குச் சில மைல் தொலைவில், இன்று உலகச் சந்தையில் பங்கு விலை ஏறி இறங்கும் கம்பெனிகளின் கட்டடங்கள் நிற்கின்றன. காலம் செய்யும் மாற்றம் இத்தகையது.

பேட்டையின் பழைய கொட்டகைகள் சில இடிபட்டு, கண்ணாடி மாளிகைகள் எழுந்த கதையை நாம் யாவரும் நேரிற் கண்டோம். எச்.சி.எல். முதலிய கம்பெனிகள் அங்கே அலுவலகம் அமைத்தன. அக்கம்பெனிக் குழுவை 1976இல் தோழர் சிலருடன் தொடங்கிய சிவ நாடார், திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழி என்னும் சிற்றூரிற் பிறந்தவர். அவருடைய எச்.சி.எல். டெக்னாலஜீஸ் கம்பெனி 1999ஆம் வருஷக் கடைசியில் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டபோது ஒரு பங்கின் விலை 580 ரூபாய். இரும்பை உருக்கிய பேட்டையில் எண்ணங்களை உருக்கி விற்கும் தொழில் குடிபுகுந்ததற்கு இஃது ஓர் அடையாளம்.

மென்பொருட் கம்பெனிக்கும் ஆலைக்கும் உள்ள வேற்றுமை யாதெனில், ஆலையின் முதல் பெரும்பாலும் இயந்திரத்திலும் கட்டடத்திலும் கிடக்கும். மென்பொருட் கம்பெனியின் முதலோ மாலையில் வாயில் வழியே வெளியேறி மறுநாட் காலை திரும்பி வரும். அதாவது, அதன் சொத்து அதன் ஊழியர்களே. வரவு பெரும்பாலும் டாலரிலும் பிற அந்நிய நாணயங்களிலும் வரும். சம்பளச் செலவின் பெரும்பகுதி ரூபாயில் போகும். ஆதலின் ரூபாயின் மதிப்பு இறங்கினால் லாபம் ஏறும். அமெரிக்காவில் வியாபாரம் மந்தமானால் அம்பத்தூரில் ஆள் சேர்ப்பது நிற்கும். இவ்வளவையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியாகும் கணக்கு நமக்குக் காட்டுகிறது.

நெடுங்காலப் பங்குடைமைக்கு நம் நாட்டில் யாவரும் எடுத்துக்காட்டும் திருஷ்டாந்தம் இன்போசிஸ் கம்பெனியே. 1981இல் நாராயண மூர்த்தி முதலிய எழுவர், சுதா மூர்த்தி அம்மையார் கொடுத்த 10,000 ரூபாயை முதலாகக் கொண்டு அதனைத் தொடங்கினர். 1992 வரை புதிய பங்கின் விலையைச் சர்க்கார் அதிகாரியே நிர்ணயித்துவந்தார். அச்சட்டம் நீங்கியபின், 1993 பிப்ரவரியில், 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 95 ரூபாய்க்கு இன்போசிஸ் வெளியிட்டது. மென்பொருள் என்பது யாதென்று பொதுஜனங்கள் அறியாத காலம் அது. வெளியிட்ட பங்குகள் முழுதும் விலைபோகவில்லை; மார்கன் ஸ்டான்லி என்னும் அமெரிக்க ஸ்தாபனம் 13 சதவீதத்தை வாங்கிக் குறையை ஈடு செய்தது. அவ்வருஷம் ஜூன் மாதத்தில் சந்தையில் அப்பங்கு 145 ரூபாயில் தொடங்கிற்று. 1999இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பதிவு பெற்ற முதல் இந்தியக் கம்பெனி என்னும் பெருமையும் அதற்குக் கிட்டிற்று.

1993இல் 9,500 ரூபாய் கொடுத்து 100 பங்கு வாங்கி, ஒன்றையும் விற்காமல் வைத்திருந்த ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம். 1994இலும் 1997இலும் 1999இலும் ஒன்றுக்கு ஒன்றாக இனாம் பங்கு கிடைத்தது. 100 என்பது 800 ஆயிற்று. 2000இல் 10 ரூபாய்ப் பங்கு இரண்டு 5 ரூபாய்ப் பங்குகளாகப் பிரிந்தது; 1,600 ஆயிற்று. 2004இல் ஒன்றுக்கு மூன்று இனாம், 6,400. பின்னர் 2006, 2014, 2015, 2018 ஆகிய நான்கு வருஷங்களிலும் ஒன்றுக்கு ஒன்று. முடிவில் 1,02,400 பங்குகள். பங்கு ஒன்றுக்கு ஒரே ஒரு ரூபாய் லாபப்பங்கு அறிவிக்கப்பட்டாலும், போட்ட முதலைப் போற் பத்து மடங்குக்கு மேல் ஒரே தடவையில் கைக்கு வந்துவிடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். இனாம் பங்கு தானாகச் செல்வத்தைப் பெருக்குவதில்லை. ஒரு காணி நிலத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பட்டா வாங்கினால் நிலம் இரண்டு காணியாகிவிடாது, விளைச்சலும் இரட்டிக்காது. பங்கு இரட்டித்த அன்று அதன் விலையும் பாதியாகிவிடும். மேற்கூறிய குடும்பத்தின் செல்வம் பெருகியது, ஒவ்வொரு பிரிவினைக்குப் பின்னும் கம்பெனியின் லாபம் வளர்ந்து, பாதியான விலை மீண்டும் நிரம்பியதனாலேயே. எண்ணிக்கை கண்களுக்கு விருந்து. வீட்டைத் தாங்குவதோ கம்பெனியின் சம்பாத்தியம்.

இனிக் காலாண்டுக் கணக்கைப் பற்றிச் சொல்வோம். 2015ஆம் வருஷத்துச் செபி விதிகளின்படி, சந்தையிற் பதிவு பெற்ற கம்பெனி காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள்ளும், வருஷக் கணக்கை 60 நாட்களுக்குள்ளும் வெளியிட வேண்டும். மென்பொருட் கம்பெனிகள் அவ்வளவு நாள் தாமதிப்பதில்லை, டி.சி.எஸ். முதலியன அடுத்த மாதத்தின் நடுப்பகுதிக்குள்ளாகவே கணக்கைச் சொல்லிவிடுகின்றன. அன்று லாபம் ஏறியிருந்தும் பங்கு விலை இறங்குவதைக் கண்டு நம்மவர் பலர் திகைக்கின்றனர். காரணம் எளிது. மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை எடுப்பவன், பிஞ்சு இவ்வளவு நிற்குமென்று மதித்துப் பணம் கொடுக்கிறான். காய்ப்பு போன வருஷத்தினும் அதிகமேயாயினும், அவன் மதித்த அளவுக்குக் குறைந்தால் அவனுக்கு நஷ்டமே. சந்தையும் அங்ஙனமே. விலையில் முன்பே ஏறியிருப்பது எதிர்பார்ப்பு. கணக்கு நாளில் நடப்பது அவ்வெதிர்பார்ப்பைத் திருத்தும் வேலை. அஃதன்றியும், வரும் ஆண்டில் வரவு இவ்வளவு வளருமென்று சில கம்பெனிகள் முன்மதிப்பும் சொல்லும். சந்தை முடிந்த காலாண்டைவிட அம்முன்மதிப்பையே கூர்ந்து கேட்கிறது.

இதற்குச் சரித்திரத்தில் தக்க சான்றுகள் உள. 2003 ஏப்ரல் 10ஆம் நாள் இன்போசிஸ் தன் வருஷக் கணக்கை வெளியிட்டது. லாபம் வளர்ந்திருந்தது, ஆயினும் வரும் ஆண்டைப் பற்றிச் சொன்ன முன்மதிப்பு சந்தைக்குத் திருப்தியளிக்கவில்லை. அந்த ஒரே நாளில் பங்கு விலை நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வீழ்ந்தது. மென்பொருளின் பொற்காலம் முடிந்ததென்று பலர் எண்ணினர். ஆனால் அடுத்த 2003–04 ஆண்டில் அக்கம்பெனியின் வரவு நூறு கோடி டாலரைக் கடந்தது. 2004இல் ஒன்றுக்கு மூன்று இனாமும் வந்தது. நாம் மேலே கற்பித்த குடும்பம் அந்நாளில் வைத்திருந்தது 1,600 பங்கு. அச்சத்தால் அன்று விற்றிருப்பின், 2018க்குள் அறுபத்து நான்கு மடங்காகப் பெருகியிருக்கும் எண்ணிக்கையை இழந்திருக்கும்.

2013 ஏப்ரல் 12ஆம் நாள் இதே கதை திரும்பிற்று. வரும் ஆண்டின் வரவு 6 முதல் 10 சதவீதமே வளருமென்று கம்பெனி சொன்னதும், விலை ஐந்தில் ஒரு பங்கு வீழ்ந்தது. இம்முறை சந்தையின் கவலையில் உண்மை இருந்தது, போட்டியாளர் முந்திக்கொண்டிருந்தனர். கம்பெனியும் அதை உணர்ந்து, ஜூன் மாதத்தில் நாராயண மூர்த்தியைத் தலைமைக்குத் திரும்ப அழைத்தது. ஆகவே, வீழ்ச்சியெல்லாம் வீண் பயமென்று கொள்ளுதலும் தவறு. வீழ்ச்சியெல்லாம் அழிவென்று கொள்ளுதலும் தவறு. வீழ்ந்த காரணம் ஒரு காலாண்டோடு போவதா, தொழிலின் வேரைத் தின்பதா என்று ஆராய்வதே விவேகம்.

செம்பரம்பாக்கம் ஏரியை நம் பூவிருந்தவல்லி அன்பர்கள் நன்கறிவர். அதன் முழு ஆழம் 24 அடி. ஒரு மாதம் மழை பொய்த்து நீர் இறங்கினால் ஏரி கெட்டதென்று யாரும் சொல்லார். அடுத்த பருவத்தை எதிர்நோக்குவர். ஆனால் கரையில் பிளவு கண்டாலோ, வரத்துக் கால்வாய் அடைபட்டாலோ, நீர் நிறைந்திருக்கும் நாளிலும் கவலைப்படுவர். காலாண்டு லாபம் நீர்மட்டம் போன்றது. கம்பெனியின் நேர்மையும் தொழில் வலிமையும் கரையும் கால்வாயும் போன்றவை.

கரை உடைந்த கதைக்கு ஐதராபாத்துச் சத்யம் கம்பெனியே சான்று. 1987இல் ராமலிங்க ராஜு தொடங்கிய அக்கம்பெனி, நாட்டின் பெரிய மென்பொருட் கம்பெனிகளில் ஒன்றாக ஓங்கிற்று. நல்ல நிர்வாகத்திற்கென்று 2008இல் விருதும் பெற்றது. அவ்வருஷம் செப்டம்பர் காலாண்டில் வரவு 2,700 கோடி ரூபாய் என்றும், தொழில் லாபம் 649 கோடி, அதாவது 24 சதவீதம், என்றும் கணக்குக் காட்டிற்று. 2009 ஜனவரி 7ஆம் நாள் ராஜு எழுதிய கடிதத்தில் உண்மை வெளிப்பட்டது: வரவு 2,112 கோடி, லாபம் 61 கோடி, அதாவது 3 சதவீதமே. பாங்கியில் உள்ளதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. அன்று ஒரே நாளில் பங்கு விலையில் முக்கால் பங்குக்கு மேல் கரைந்தது. 2015இல் நீதிமன்றம் அவருக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. கம்பெனியை 2009இலேயே டெக் மஹிந்திரா எடுத்துக்கொண்டு, ஊழியர் பலரின் வேலையைக் காத்தது. காலாண்டுக் கணக்கின் எண்களை மட்டும் படித்தவர்க்கு ஆபத்து தெரிந்திராது. பாங்கியில் அத்தனை கோடி வைத்திருப்பதாகச் சொல்லும் கம்பெனி அப்பணத்தை என் செய்கிறது என்று வினவியவர்க்கே ஐயம் பிறந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2019 அக்டோபரில் இன்போசிஸ் தலைவர்மேல் பெயரற்ற கடிதமொன்று குற்றஞ்சாட்டிற்று. ஒரே நாளில் விலை ஆறில் ஒரு பங்களவு வீழ்ந்தது. கம்பெனியின் தணிக்கைக் குழு வெளியாரைக் கொண்டு விசாரித்து, குற்றத்திற்கு ஆதாரமில்லை என்று 2020 ஜனவரியில் அறிவித்தது. வதந்தியும் உண்மையும் வந்த அன்று ஒரே உடை உடுத்து வருகின்றன. பொறுமையும் விசாரணையுமே அவற்றைப் பிரித்துக் காட்டும்.

மற்றுமொரு நியாயத்தையும் நாம் மறைத்தலாகாது. இன்போசிஸின் கதை வென்றவன் கதை. போர்க்களத்தினின்றும் உயிரோடு திரும்பியவனை மட்டும் கேட்டால் போர் எளிதென்றே தோன்றும். 1999, 2000 வருஷங்களில் மென்பொருட் பைத்தியம் நாடெங்கும் பரவியபோது, நம் சென்னையின் பென்டாமீடியா கிராபிக்ஸ், டி.எஸ்.கியூ. சாப்ட்வேர் ஆகிய பங்குகள் வானளாவ ஏறின. அவை கேத்தன் பரேக் என்னும் தரகர் விரும்பி வாங்கிய பங்குகளின் வரிசையில் இருந்தன. 2000 மார்ச்சுக்குப் பின் அமெரிக்கச் சந்தை சரிந்தது, 2001 மார்ச்சில் அத்தரகர் கைதானார், அப்பங்குகளும் தரைமட்டமாயின. அவற்றை நெடுங்காலம் வைத்திருந்தவர்க்குப் பொறுமை ஒரு பயனும் தரவில்லை. இன்போசிஸ் பங்கையே அந்த உச்ச விலையில் வாங்கியவர்கள் முதல் திரும்பப் பல ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. நல்ல கம்பெனியும் தகாத விலையில் நல்ல முதலீடாகாது.

தமிழ்நாட்டுக் கம்பெனியாகச் சென்னையில் 2010இல் தோன்றிய பிரஷ்வொர்க்ஸின் கதையும் இங்கே பொருந்தும். கிரீஷ் மாத்ருபூதம் தலைமையில் வளர்ந்த அது, 2021 செப்டம்பர் 22ஆம் நாள் நாஸ்டாக்கில் பங்கு ஒன்று 36 டாலர் விலையில் பதிவு பெற்றது. பங்குரிமை பெற்றிருந்த ஊழியர் நூற்றுக்கணக்கானோர் கோடீசுவரராயினர் என்று கேட்டுத் தமிழ்நாடு மகிழ்ந்தது. முதல் நாளில் விலை ஏறியதும் உண்மை. அடுத்த ஆண்டிற்குள் வெளியீட்டு விலைக்குக் கீழே இறங்கியதும் உண்மை. ஊழியர்க்கு அது உழைப்பின் ஊதியம். முதல் நாள் ஆரவாரத்தில் அதிக விலைக்கு வாங்கியவர்க்கோ அது பொறுமையின் சோதனை. ஒரே பங்கு, வாங்கிய விலைக்கேற்ப ஒருவர்க்கு வரமும் ஒருவர்க்குச் சுமையுமாகிறது.

இனி, கணக்கு வெளியாகும் நாளில் நம்மவர் எவற்றை நோக்கவேண்டும் என்பதைச் சுருக்கிக் கூறுவோம். முதலாவது, நாணய மாற்றத்தின் ஏற்றத்தாழ்வைக் கழித்து வரவு உண்மையில் வளர்ந்ததா என்பது. இரண்டாவது, நூறு ரூபாய் வரவில் செலவு போக நிற்பது எவ்வளவு என்பதும், அது பல காலாண்டுகளாக எத்திசையில் நகருகிறது என்பதும். மூன்றாவது, ஏட்டில் எழுதிய லாபம் ரொக்கமாகக் கைக்கு வருகிறதா என்பது. வாடிக்கைக்காரரிடம் பாக்கி மட்டும் பெருகினால் அது நன்றன்று. நான்காவது, வேலையை விட்டு விலகும் ஊழியர் விகிதம். ஐந்தாவது, வரவில் பெரும்பகுதி ஓரிரண்டு வாடிக்கைக்காரரையே நம்பியிருக்கிறதா என்பது. இவ்வைந்தையும் ஒரு காலாண்டில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், எட்டுக் காலாண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஏரியின் கரை எந்நிலையில் உள்ளதென்று தெரியும்.

எண்களை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். எச்.சி.எல். டெக்னாலஜீஸ் முன்பு ஜூலை முதல் ஜூன் வரை வருஷக் கணக்கு வைத்திருந்தது. 2016 மார்ச்சில் முடிந்த கணக்கை ஒன்பது மாதத்திற்கு மட்டும் முடித்து, ஏப்ரல்–மார்ச் முறைக்கு மாறிற்று. இதனை அறியாமல் அவ்வாண்டின் வரவை முந்திய ஆண்டோடு ஒப்பிட்டால், தொழில் குன்றியதாகவே தோன்றும். கணக்கைப் படிப்பவன் முதலில் காலத்தைப் படிக்கவேண்டும்.

நெடுங்காலம் வைத்திருத்தல் என்பது உறங்கிக் கிடத்தலன்று. பெரம்பூர்ப் பின்னி ஆலையின் சங்கொலி கேட்டு நேரம் அறிந்த தலைமுறைகள் உண்டு. அது ஒருநாள் நிற்குமென்று யாரும் கனவிலும் கருதவில்லை. 1996இல் அவ்வாலை மூடப்பட்டது. அம்பத்தூர்ச் சைக்கிள் கம்பெனியோ காலத்திற்கேற்பக் குழாய், சங்கிலி, நிதித் தொழில் எனக் கிளைத்து, 2017இல் உற்பத்தித் தொழிலையும் நிதித் தொழிலையும் இரு கம்பெனிகளாகப் பிரித்துக்கொண்டது. பங்குதாரர் இரண்டிலும் உரிமை பெற்றனர். மாறத் தெரிந்த கம்பெனி வாழ்கிறது. இன்று செயற்கை நுண்ணறிவு வந்து, மணிக்கணக்கில் உழைப்பை விற்கும் மென்பொருட் கம்பெனிகளின் வழக்கத்தையே வினாவுக்கு உள்ளாக்கியிருக்கிறது. எந்தக் கம்பெனி மாறும், எது மாறாது என்பதை வருஷந்தோறும் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் நெடுங்காலப் பங்குடைமையின் வேலை.

நம் இளைஞர்க்கு இரண்டொரு வார்த்தை தனியே சொல்ல விரும்புகிறோம். கணக்கு நாளில் விலை எப்பக்கம் ஓடுமென்று பந்தயம் கட்டும் வாயிதா வியாபாரம் இன்று கைபேசி வழியே வீட்டுக்குள் வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மூன்று ஆண்டுகளில் அத்துறையில் இறங்கிய தனிநபருள் 93 சதவீதத்தினர் நஷ்டமே கண்டனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர் மூழ்கிய ஆற்றில் நீந்தத் தெரியுமென்று இறங்குவது வீரமன்று.

மென்பொருட் கம்பெனிகளில் உத்தியோகம் பார்ப்போர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். கணக்கு விவரங்களை முன்கூட்டி அறியக்கூடிய பதவியினர், காலாண்டு முடிந்த நாள் தொடங்கிக் கணக்கு வெளியாகி 48 மணி நேரம் கழியும்வரை தம் கம்பெனிப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாதென்பது விதி. அவர்தம் நெருங்கிய குடும்பத்தாரையும் அது கட்டும். அன்றியும், வெளியாகாத இரகசியத்தைப் பந்தியில் உட்கார்ந்து உறவினர்க்குச் சொல்வதும், கேட்டவர் அதைக்கொண்டு வியாபாரம் செய்வதும் குற்றமாகும். பாசத்தால் சொன்ன ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தின் மானத்தைக் கெடுக்கலாம். மேலும், மாதச் சம்பளமும் சேமிப்பும் ஒரே கம்பெனியை நம்பியிருத்தல், வீட்டையும் வைக்கோற்போரையும் ஒரே கூரையின்கீழ் வைப்பதை ஒக்கும். சத்யம் சரிந்தபோது அதன் பங்கை வைத்திருந்த ஊழியர் வேலைக்கும் சேமிப்புக்கும் ஒருங்கே அஞ்ச நேர்ந்ததை மறத்தலாகாது.

நம் தாய்மார்க்கும் முதியோர்க்கும் ஒரு விண்ணப்பம். 1996க்கு முன் பங்குகள் காகிதப் பத்திரங்களாகவே இருந்தன. அவை டிரங்குப் பெட்டியில் பழைய பட்டாக்களோடு கிடக்கலாம். 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கை அப்படியே பிறர்க்கு விற்று மாற்ற இயலாது. மின்கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஏழாண்டு தொடர்ந்து லாபப்பங்கைக் கேட்டு வாங்காதவரின் பங்குகள், கம்பெனிச் சட்டப்படி, முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படுகின்றன. உரியவர் தக்க சான்று காட்டினால் திரும்பப் பெறலாம். ஆகவே குடும்பத் தலைவர், தாம் வைத்துள்ள பங்குகளின் விவரத்தை ஒரு நோட்டில் எழுதி இல்லத்தரசிக்குக் காட்டுவதும், கணக்கில் வாரிசு நியமனம் செய்வதும் கடமையாகும். தாம் அறியாத செல்வத்தை மனைவி மக்கள் எங்ஙனம் காப்பர்?

முடிவாக, நாம் வற்புறுத்துவது இவ்வளவே. நேர்மையான நிர்வாகமும் வளரும் தொழிலும் உள்ள கம்பெனியைத் தக்க விலையில் தேர்ந்து, ஐந்தாறு ஆண்டுக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும் அதில் இட்டு, ஒன்றையே நம்பாமல் பலவற்றில் பகிர்ந்து வைத்து, காலாண்டுதோறும் கணக்கைப் படித்து, விலையைக் கண்டு நடுங்காமல் காரணத்தைக் கண்டு முடிவு செய்பவரே இத்துறையில் நிலைபெறுவர். கடன் வாங்கிப் பங்கு வாங்குதல் எவ்வாற்றானும் தகாது. சைக்கிள் பட்டறையிலும் கனரக வாகனத் தொழிற்சாலையிலும் வியர்வை சிந்திச் சேர்த்த பொருள் நம் பிள்ளைகளின் கையில் விதைநெல்லாக இருக்கின்றது. அதைச் சூதாட்டத்தில் இறைக்காமல், பயத்தால் புதைக்காமல், அறிவோடு விதைத்துப் பயன்பெற நம் குடும்பங்கள் யாவும் முயலுமாக. நம் சங்கமும் மாதந்தோறும் நிகழும் கூட்டங்களில் இவ்விஷயத்தை எடுத்துப் பேசி, கணக்குப் படிக்கத் தெரிந்த இளைஞரைக் கொண்டு தெரியாத பெரியோர்க்கு விளக்கச் செய்யுமாயின், அதனினும் சிறந்த தொண்டு வேறில்லை.